பெற்றோர் கையொப்பம்

2008-ல் இரண்டாம் ஆண்டு கணிதம் படித்த ஒரு பிள்ளை, புத்தகப் பையோடு ஒரு மஞ்சப்பையையும் தினமும் வகுப்புக்குக் கொண்டுவருவாள். ஜவுளிக்கடைப் பை. எழுத்தெல்லாம் வெளுத்துப்போயிருக்கும்; ஒரு கைப்பிடி பிய்ந்து, பீடி கட்டுகிற நூலால் தைத்திருக்கும். உள்ளே சோற்று டப்பா என்றுதான் நினைத்திருந்தேன். மதியம் எல்லாரும் டப்பாவைத் திறந்தபோது அவள் அந்தப் பையைத் திறக்கவில்லை. அதை மடியில் பரத்தி, அதன்மேல் டப்பாவை வைத்துச் சாப்பிட்டாள்.

நான் தமிழ்த்துறை. நெல்லை மாவட்டத்தில் ஓர் அரசு உதவி பெறும் கல்லூரியில் 31 வருடம். பகுதி 1 தமிழ் எல்லாத் துறைக்கும் உண்டு என்பதால், இயற்பியல் பிள்ளையானாலும் வணிகவியல் பிள்ளையானாலும் எங்களைத் தாண்டித்தான் போகவேண்டும். பெரிய ஹால், எண்பது பேர், மதியத்துக்குமேல் பின்வரிசையில் பாதிப்பேர் தூக்கம். அதில் யார் சினிமா பார்த்துவிட்டுத் தூங்குகிறார்கள், யார் வீட்டில் தூங்க முடியாமல் இங்கே வந்து தூங்குகிறார்கள் என்று பிரித்துப் பார்க்கிற கண் எனக்கு வர பதினாறு வருடம் ஆகியிருந்தது. வந்த பிறகும் பிசகினேன்.

ஜூலை மாதம், மேற்கே குற்றாலத்தில் சீசன், எங்கள் பக்கமும் சாரல். நனைந்துகொண்டே வந்தவள், துப்பட்டாவை எடுத்து அந்தப் பைக்குச் சுற்றியிருந்தாள். வராந்தாவில் நிறுத்தி, "அப்படி என்னம்மா அதுல?" என்றேன். காட்டினாள். செய்தித்தாளில் சுற்றிய பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ மதிப்பெண் பட்டியல்கள், சாதிச் சான்று, குடும்ப அட்டை நகல், அம்மாவின் பீடித் தொழிலாளர் அடையாள அட்டை.

"இதை எதுக்கு தினமும் சுமக்க?"

"வீட்ல வச்சா எரிச்சிருவாங்க மேடம்."

"யாரு?"

பதில் இல்லை. தேவையும் இல்லை. இலக்கணம் நடத்துகிறவளுக்கு அந்த விகுதி போதும். எரிப்பேன் என்று மிரட்டுகிறவருக்கும் மரியாதைப் பன்மை கொடுத்துப் பேசுகிற பிள்ளை, யாரைச் சொல்லும்?

அடுத்து நான் செய்ததை இன்றைக்கு நினைத்தாலும் கூசுகிறது. மறுநாள் காலையிலேயே அலுவலகத்தில் அவளுடைய விண்ணப்பத்தை எடுத்து, அதிலிருந்த எண்ணுக்கு ஃபோன் போட்டு அப்பாவை வரச்சொன்னேன். வாத்தியார் வேலையில் அது ஊறிப்போன பழக்கம். பிள்ளை படிக்கவில்லையா, அப்பாவைக் கூட்டிட்டு வா. வம்பு பண்ணுகிறதா, அப்பாவைக் கூட்டிட்டு வா. அழுகிறதா, அதற்கும் அதேதான்.

வந்தார். வெள்ளை வேட்டி, நெற்றியில் திருநீறு, கையில் ஒரு சீப்பு நாட்டுப்பழம். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். "பிள்ளைய உங்கள நம்பித்தான் விட்டிருக்கேன். ரெண்டு அடி போட்டாலும் ஏன்னு கேக்க மாட்டேன்" என்றார். நான் குடியைப் பற்றி ஜாடையாகவும், சான்றிதழைப் பற்றி நேராகவும் சொன்னேன். எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினார். போகும்போது கும்பிட்டார். நான் துறைக்கு வந்து, "நல்ல மனுஷராத்தான் தெரியுதாரு" என்று சொல்லிப் பழத்தைப் பங்கு வைத்தேன். நானும் ஒன்று தின்றேன்.

பதினோரு நாள் அவள் வரவில்லை.

பன்னிரண்டாம் நாள் வந்தபோது வலது கையில் சுண்டுவிரலையும் மோதிர விரலையும் சேர்த்துக் கட்டியிருந்தது. மஞ்சப்பையைக் காணோம். எனக்கு நெஞ்சு அடைத்துவிட்டது. அவளே சொன்னாள்: "அம்மா இலை மூட்டைக்குள்ள வச்சிட்டாங்க மேடம். அங்க தேட மாட்டாங்க." பிறகு, குற்றம் சொல்லுகிற குரலே இல்லாமல், ஏதோ எனக்குத் தெரியாத ஒரு செய்தியைத் தெரிவிப்பதுபோல, "உங்ககிட்ட நல்லாப் பேசினாங்கல்லா? வெளி ஆளுகிட்ட அப்படித்தான் பேசுவாங்க" என்றாள்.

எங்கள் துறையில் தண்ணீர் பிடித்து வைத்து, பெருக்கி, மணிக்கு மணி சுற்றறிக்கை கொண்டுவருகிற அக்கா ஒருத்தர் இருந்தார். அன்றைக்குச் சாயங்காலம் மேசையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "கூப்பிடுததுக்கு முந்தி எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்லா மேடம். அந்தப் பிள்ள ஆறு மணி வரைக்கும் சைக்கிள் ஸ்டாண்டுலதான் உக்காந்திருக்கும். ஆறரைக்கு அப்பன் கடைக்குப் போயிருவான். அதுக்கப்புறம் போனா, அவன் திரும்பி வாரதுக்குள்ள சோத்தத் தின்னுட்டுப் படுத்துக்கிடலாம்." கடை என்று அவர் சொன்னது டாஸ்மாக். இவ்வளவும் அவருக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். "ஏன் இருக்கேன்னு நான் கேக்கவே இல்ல. முறுக்கு வாங்கிக் குடுப்பேன். ஒரு மாசம் கழிச்சு அதுவாச் சொல்லிச்சு." எம்.ஏ., எம்.ஃபில்., பதினாறு வருட அனுபவம் எல்லாம் வைத்திருந்த நான் அடுத்த நாளே ஃபோன் போட்டவள். இவர் ஒரு மாதம் முறுக்கு வாங்கிக் கொடுத்திருக்கிறார்.

கல்லூரி அலுவலகத்தில் நாங்கள் நீட்டுகிற காகிதங்களை அதன்பிறகுதான் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். சேர்க்கை விண்ணப்பம், விடுதி விண்ணப்பம், விடுப்புக் கடிதம், கல்விச் சுற்றுலாச் சம்மதம், கல்வி உதவித்தொகைப் படிவம். எல்லாவற்றிலும் கீழே இடப்பக்கம் ஒரு புள்ளிக்கோடு, அதன்கீழ் 'பெற்றோர் / பாதுகாவலர் கையொப்பம்'. பாதுகாவலர்! பிள்ளைக்குக் கல்லூரியால் ஆபத்து வரலாம், வீடு அவளைக் காக்கும் என்ற நினைப்பில் அச்சடித்த காகிதங்கள். ஆபத்தே வீட்டில் இருந்தால் என்ன செய்வது என்று அச்சடித்தவர்களுக்குத் தோன்றவில்லை. எங்களுக்கும்தான்.

சூப்பரிண்டெண்ட் சாரிடம் போனேன். கல்லூரியில் எல்லாரும் பயப்படுகிற ஆள். ஒரு நாள் தாமதமாகக் கொடுத்த விடுப்புக் கடிதத்தைக் கூடத் திருப்பி அனுப்புவார். கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். படிவத்தை எடுத்துப் பார்த்தார். "பெற்றோர்னுதானே போட்டிருக்கு? அப்பான்னு எங்க இருக்கு? அம்மாவும் பெற்றோர்தானே." அவ்வளவுதான். மறுநாள் அம்மா வந்து பதிவேட்டில் கையெழுத்துப் போட்டார். தொடர்பு எண்ணாகச் சித்தி வீட்டு எண் ஏறியது. விதியை வைத்து எங்கள் உயிரை எடுத்த மனிதருக்குத்தான் விதியில் எங்கே சந்து இருக்கிறது என்பதும் தெரிந்திருந்தது.

சான்றிதழ்களையும் அவரே வாங்கிக்கொண்டார், அரைமனதோடு. அசல் சான்றிதழைக் கல்லூரி பிடித்து வைக்கக் கூடாது என்பது பல்கலைக்கழக மானியக் குழு திரும்பத் திரும்பச் சொல்வது. எங்கள் கல்லூரியில் டி.சி. தவிர மற்றதையெல்லாம் சேர்க்கையன்றே பார்த்துத் திருப்பிக் கொடுத்துவிடுவோம். "பிடிச்சு வைக்கல மேடம், பாதுகாப்பா வைக்கோம்" என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு, அரைத்தாளில் ஒரு ரசீது எழுதி, சீல் குத்தி அவள் கையில் கொடுத்தார். பழுப்புக் கவர் பீரோவுக்குள் போனது. இலை மூட்டைக்குள் கிடந்த காகிதங்கள் அல்லவா, பீரோவைத் திறக்கும்போதெல்லாம் புகையிலை நெடி அடிக்கும்.

வருகைப்பதிவில் மாட்டிக்கொண்டோம். 75 விழுக்காட்டுக்குக் குறைந்தால் கண்டோனேஷன் கட்டணம் கட்டவேண்டும், காரணமும் எழுதவேண்டும். என்ன எழுத? 'அப்பா விரலை ஒடித்துவிட்டார்' என்று எழுதினால் அந்தத் தாள் எத்தனை மேசைக்குப் போகும், யார் யார் படிப்பார்கள்? 'உடல்நலக் குறைவு' என்று எழுதினோம். அவளுக்கு மட்டுமல்ல, பின்னால் வந்த எல்லாருக்கும் அதையே எழுதினோம். எங்கள் கல்லூரிக் கோப்புகளை யாராவது ஆராய்ச்சிக்கு எடுத்தால், அந்த வட்டாரத்தில் எந்தப் பிள்ளையும் வீட்டில் அடிபட்டதில்லை, எல்லாருக்கும் காய்ச்சல்தான் வந்தது என்று முடிவு எழுதிவிடலாம். அந்தப் பொய்யால் பல பிள்ளைகள் பரீட்சை எழுதினார்கள். அதே பொய்யால்தான் இப்படி ஒன்று நடக்கிறது என்பதே கல்லூரிக்குத் தெரியாமல் போனது. இரண்டும் உண்மை. நான் இன்னும் ஒரு பக்கம் சாயவில்லை.

செப்டம்பரில் அவளை விடுதியில் சேர்க்க வேண்டியதாயிற்று. வார்டன் மறுத்தார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். "நாளைக்கு அப்பன் வந்து வாசல்ல நின்னு, என் பிள்ளையக் கடத்தி வச்சிருக்கீங்கன்னு கத்தினா, போலீஸ் யாரத் தேடி வரும் மேடம்? உங்களையா, என்னையா?" நியாயமான கேள்வி. பிரின்சிபால் ஒன்றே ஒன்று கேட்டார்: "வயசு என்ன?" பத்தொன்பது என்றோம். "பிறகென்ன, மேஜர். அவளே எழுதித் தரட்டும்." அவளே எழுதித் தந்தாள். பார்வையாளர் அட்டையில் அம்மா பெயரும் சித்தி பெயரும் மட்டும்.

வார்டன் பயந்தபடியே அப்பன் வந்தார். அங்கேதான் எங்கள் வாட்ச்மேன் தாத்தாவின் கெட்டிக்காரத்தனத்தைப் பார்த்தேன். அந்தப் பிள்ளை இங்கே இல்லை என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. இருக்கிறாள் என்றும் சொன்னதில்லை. "வாங்கய்யா, இரிங்க, பிரின்சிபால் மீட்டிங்ல இருக்காக" என்று பெஞ்சைத் துடைத்துப் போடுவார். வெயில், மழை, கால்வாயில் தண்ணீர் திறந்த சேதி, உரம் விற்கிற விலை. ஒரு மணி நேரம். வந்த வேகம் பேச்சிலேயே கரைந்துவிடும். நாலைந்து சனிக்கிழமை இது நடந்தது. பிறகு வருவது நின்றுவிட்டது. உள்ளே விடாமல் தடுத்த கோபத்தை வீட்டில் அம்மாமேல் காட்டியிருப்பாரே என்று கேட்டால், ஆமாம், காட்டினார். அது எங்களுக்கு ஐப்பசியில்தான் தெரிந்தது.

எங்கள் பழைய மாணவி ஒருத்தி நெல்லையில் வக்கீல். அவள் சொல்லித்தான் 2005-ஆம் வருடத்துக் குடும்ப வன்முறைச் சட்டத்தை நான் ஒழுங்காகத் தெரிந்துகொண்டேன். 2006 அக்டோபர் 26-ல் அது நடைமுறைக்கு வந்திருந்தது. அடிபட்ட மனைவிக்கான சட்டம் என்றே நினைத்திருந்தேன். மகளுக்கும் தாய்க்கும் உடன்பிறந்தவளுக்கும் அதில் இடம் உண்டு. இன்னொன்றும் சொன்னாள். 4-ஆம் பிரிவின்படி, வன்முறை நடக்கிறது என்று நம்பக் காரணம் உள்ள எவரும் பாதுகாப்பு அலுவலரிடம் தகவல் சொல்லலாம். நல்லெண்ணத்தில் சொன்னவர்மேல் வழக்கு வராது. 'நமக்கு ஏன் வம்பு' என்று ஆசிரியர் அறையில் நாங்கள் சொல்லிக்கொண்டிருந்த சாக்கு அன்றோடு செத்தது. செத்திருக்க வேண்டும்.

கொக்கிரகுளத்தில் பாதுகாப்பு அலுவலரைப் பார்க்க அம்மாவையும் மகளையும் கூட்டிக்கொண்டு போனேன். பஸ்ஸில் அந்த அம்மா பேசவே இல்லை. ஜன்னலோரம் உட்கார்ந்து, கையில் எதுவும் இல்லாமலே விரல்கள் சுருட்டிக்கொண்டு வந்தன. நாளெல்லாம் பீடி சுற்றுகிறவர்களுக்குக் கை சும்மா இருக்காது. பாதுகாப்பு அலுவலர் ஒரு படிவத்தை வைத்து நிதானமாகக் கேட்டுக்கொண்டே போனார். குடும்ப நிகழ்வு அறிக்கை என்று பெயர். உடலைக் காயப்படுத்துதல் என்று ஆரம்பித்த பட்டியல், கொஞ்சம் கீழே 'பள்ளிக்கோ கல்லூரிக்கோ போகவிடாமல் தடுத்தல்' என்ற வரிக்கு வந்தது. அம்மா நிமிர்ந்து பார்த்தார். "இதுகூட எழுதியிருக்கா?" கையெழுத்துப் போடவேண்டிய இடத்தைக் காட்டினார்கள். பாதிக்கப்பட்டவரின் கையொப்பம் என்று இருந்தது. என் வேலைக் காலத்தில் ஒரு மாணவியின் காகிதத்தில் பெற்றோர் கையொப்பத்துக்குக் கோடு போடாத படிவத்தை அன்றைக்குத்தான் முதலில் பார்த்தேன்.

நீதிமன்றத்துக்குப் போகலாம், வழக்கை 60 நாளில் முடிக்க முயலவேண்டும் என்று சட்டத்திலேயே இருக்கிறது, இடையிலேயே பாதுகாப்பு உத்தரவும் வாங்கலாம் என்று அலுவலர் சொன்னார். அம்மா கேட்டுக்கொண்டார். "அறுபது நாளும் ராத்திரி நான் அந்த வீட்லதானே படுக்கணும்?" என்றார். பிறகு, "பிள்ள வெளிய இருக்கட்டும். கேஸ் வேண்டாம். எனக்கு இன்னும் சின்னது ஒண்ணு இருக்கு." அறிக்கையைப் பதிந்து வைத்தார்கள். வழக்கு போடவில்லை.

திரும்பி வரும்போது எனக்கு அந்த அம்மாமேல் அப்படி ஒரு கோபம். இவ்வளவு தூரம் வந்து, இவ்வளவு சொல்லியும் இப்படிச் செய்துவிட்டாளே என்று. விடுதிக்கு மெஸ் பில் கட்டவேண்டிய மாதம் வந்தபோதுதான் கோபம் அடங்கியது. பீடிக் கம்பெனியில் அவர் பெயரில் பிடித்த பி.எஃப். இருந்தது. பிள்ளை படிப்புக்கு அதில் முன்பணம் எடுக்கலாம் என்று தெரிந்துகொண்டு, புருஷனுக்குத் தெரியாமல், இரண்டு பஸ் மாறிப் போய் எழுதிக்கொடுத்துவிட்டு வந்திருந்தார். ரூபாய் நோட்டுகளை என் மேசைமேல் எண்ணி வைத்தார். அதிலும் புகையிலை நெடி. எந்தச் சண்டையை எங்கே போடவேண்டும், எதைப் போடக்கூடாது என்று அந்த அம்மாவுக்கு என்னைவிட நன்றாகத் தெரிந்திருந்தது.

அவள் படிப்பை முடித்தாள், பி.எட். படித்தாள், இன்று ஆசிரியை. எந்த ஊர் என்று எழுதமாட்டேன்.

பையன்களைப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். அவர்களை நாங்கள் வெகுகாலம் பார்க்கவே இல்லை. 2013 வாக்கில் வணிகவியலில் ஒருவன், முதல் மணி நேரத்திலேயே மேசையில் கவிழ்ந்துவிடுவான். எல்லாரும் திட்டினோம், நான் ஒருமுறை வெளியே நிறுத்தினேன். ஒருநாள் பக்கத்துப் பையனை மூக்கு உடைய அடித்துவிட்டான். சஸ்பெண்ட் செய்ய எல்லாம் தயார். பி.டி. சார்தான், "ஒரு வாரம் எங்கிட்ட விடுங்க" என்றார். விளையாட்டு அறையில் ஹைஜம்ப் மெத்தைமேல் அவனைத் தூங்கவிட்டார். கேள்வி எதுவும் இல்லை. மூன்றாம் நாள் அவன் சொன்னானாம்: ராத்திரி அப்பா தூங்குகிறவரை இவன் அம்மாவின் அறைக் கதவுக்குக் குறுக்கே படுத்திருப்பான். அப்பா தூங்க மூன்று மணி ஆகும். குடும்ப வன்முறைச் சட்டத்தில் வயது வந்த பையன் தன் பெயரில் மனுப் போட இடமில்லை. அம்மா வந்தால்தான் உண்டு. அம்மா வரவில்லை. அந்த வருடம் முழுக்க முதல் மணி நேரம் அவனுக்கு மெத்தையில் தூக்கம், எங்கள் பதிவேட்டில் 'விளையாட்டுப் பயிற்சி'. மூக்கு உடைந்த பையனிடம் போய் மன்னிப்புக் கேட்டான். கேட்கவைத்ததும் பி.டி. சார்தான்.

2013-ல் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் வந்தது. 2016-ல் மானியக் குழுவின் விதிமுறையும் வந்து, உள் புகார்க் குழுவின் உறுப்பினர் பெயர்களை வராந்தாவில் பலகையாக மாட்டினோம். என் பெயரும் அதில் உண்டு. முதலாண்டுப் பிள்ளை ஒன்று பலகையை முழுக்கப் படித்துவிட்டு, "மேடம், இந்தக் கமிட்டி வீட்டுக்கும் வருமா?" என்றது. கூட நின்றவர்கள் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை என்று மட்டும் அவள் பார்த்துக்கொண்டாள். இரண்டு வாரம் கழித்துத் தனியாக வந்தாள்.

அதற்குள் நானும் கொஞ்சம் கற்றிருந்தேன். கதவைச் சாத்தமாட்டேன், ஒருக்களித்து வைப்பேன். முழுக்கதையையும் கேட்கமாட்டேன். "இன்னைக்கு ராத்திரி வீட்டுக்குப் போகலாமா, கூடாதா?" என்று மட்டும் முதலில் கேட்பேன். கல்லூரிக் கணினியிலிருந்து பகல் பதினொரு மணிக்கெல்லாம் 'உங்கள் மகள் இன்று வரவில்லை' என்று அப்பாவின் செல்லுக்குக் குறுஞ்செய்தி போகிற காலம் வந்துவிட்டிருந்ததால், அவள் யார் எண்ணைக் கொடுத்திருக்கிறாள் என்பதை அடுத்துக் கேட்பேன். 2018 டிசம்பருக்குப் பிறகு 181 என்ற எண்ணையும் சொல்லிவிடுவேன். எழுதித் தரமாட்டேன், பையைச் சோதிக்கிற வீடுகள் உண்டு.

இவ்வளவு கற்றதும் 2020 மார்ச்சில் ஒன்றுக்கும் உதவாமல் போயிற்று. கல்லூரியை மூடினார்கள். சைக்கிள் ஸ்டாண்டு இல்லை, நூலகம் இல்லை, ஆறு மணிவரை உட்கார ஓர் இடம் இல்லை. ஆன்லைன் வகுப்பில் எழுபது பெயர்கள் கறுப்புக் கட்டங்களாக. ஒரு பிள்ளை மட்டும் வருகை சொல்ல மைக்கைத் திறக்கவே மாட்டாள், 'பிரசன்ட்' என்று தட்டச்சு செய்வாள். ஒருநாள் தவறுதலாகத் திறந்துவிட்டது. நாலு விநாடி. பாத்திரம் விழுகிற சத்தமும் ஒரு ஆணின் குரலும். மறுபடி மூடிவிட்டது. நான் பாடத்தை நிறுத்தவில்லை. நிறுத்தியிருந்தால் எழுபது பேருக்கும் தெரிந்திருக்கும். நிறுத்தாததால் அவளுக்கு என்ன தெரிந்ததோ. சாயங்காலம் ஃபோன் செய்தேன். "நெட் சரியில்ல மேடம்" என்றாள். மறுபடி மறுபடி அதையே சொன்னாள். பக்கத்தில் ஆள் இருக்கிறது என்று புரிந்து, "சரிம்மா, நெட் சரியானதும் நீயே கூப்பிடு" என்று வைத்துவிட்டேன்.

அவள் கூப்பிடவில்லை. 2021 செப்டம்பரில் கல்லூரி மறுபடி திறந்தபோதும் வரவில்லை. ஊரில் விசாரித்த எங்கள் துறை அக்கா, கல்யாணம் பண்ணிக் கொடுத்துவிட்டார்கள் என்றும், எங்கே என்று தெரியவில்லை என்றும் சொன்னார்.

2023 மே 31 என் கடைசி நாள். சூப்பரிண்டெண்ட் சார் எப்போதோ ஓய்வு பெற்றுப் போயிருந்தார். பீரோ சாவி என்னிடம்தான் இருந்தது. புதிதாக வந்த இளநிலை உதவியாளரை வைத்துக்கொண்டு திறந்தேன். மூன்று கவர்கள். இரண்டு, இன்னும் படித்துக்கொண்டிருக்கிற பிள்ளைகளுடையவை. மூன்றாவது, கூப்பிடாமலே போன அந்தப் பிள்ளையுடையது. முதலாண்டில் கொண்டுவந்து கொடுத்தது, ரசீதும் வாங்கிப்போனாள். பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ, சாதிச் சான்று.

"இத அட்ரஸ் பார்த்து ரிஜிஸ்டர் தபால்ல அனுப்பிரட்டுமா மேடம்?" என்றார் அந்தத் தம்பி. கணக்கை முடிக்கிற நல்ல எண்ணம்தான்.

"வேண்டாம் தம்பி. ரசீதோட அவளே வந்தா மட்டும் குடுங்க. கூட யாராவது வந்தா, சாவி என்கிட்ட இல்லன்னு சொல்லுங்க" என்றேன். அவர் விழித்தார். பென்சிலை வாங்கி, வீட்டுக்கு அனுப்ப வேண்டாம் என்று கவரின் மூலையில் எழுதி, உள்ளே வைத்துப் பூட்டி, சாவியைக் கொடுத்துவிட்டு வந்தேன்.